டச்பே கடலில் சூரியன் மறைவதில்லை

திருகோணமலையில் நடப்பதாகச் சொல்லும் ஒரு தொடர்கதை. காதலனும் காதலியும் டச்பே மணலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், சிவந்த சூரியன் மெல்லக் கடலுக்குள் இறங்குகிறது. இப்படி ஒரு பந்தி வந்தால், அந்தக் காட்சி வேறெங்கோ இருந்து எடுத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். டச்பே கிழக்கைப் பார்த்த கரை. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும். மறைவது முதுகுக்குப் பின்னால், பட்டினத்துக் கூரைகளுக்கு அப்பால். தண்ணீரோடு அந்தி பார்க்க வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் போக வேண்டும். அங்கேயும் சூரியன் தண்ணீரில் விழாது, அக்கரை மலைக்குப் பின்னால் போகும். எழுதியவர் கொழும்பின் மேற்குக் கரைக் காலிமுகத்திடலில் கண்டதையோ ஏதோ ஒரு படத்தில் கண்டதையோ பெயர்ப்பலகை மாற்றி இங்கே நட்டுவிட்டார்.

கொப்பியடிப்பது பாவம் என்று சொல்ல வரவில்லை. கானமயிலையும் வான்கோழியையும் கூப்பிடப் போவதுமில்லை. தமிழ் இலக்கணம் இந்த வழக்கை எப்போதோ விசாரித்து முடித்துவிட்டது. தொல்காப்பியத்தின் மரபியல், நூல்களை முதல்நூல், அதைப் பின்பற்றி வரும் வழிநூல் என்று இரண்டாக்குகிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று நான்காக்குகிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்க்கிறது. வழிநூலுக்கு நன்னூல் போடும் நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது: ‘பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’. முன்னவன் முடிபோடு ஒத்துப் போகலாம், ஆனால் பின்னால் வந்தவன் தன் விகற்பத்தை, அதாவது தான் செய்யும் வேறுபாட்டை, சொல்லியிருக்க வேண்டும். தொல்லை அந்த ஒரு சொல்லில்தான் கிடக்கிறது. நாயகியின் பெயரை மாற்றுவது விகற்பமா? ஊரை மாற்றுவது விகற்பமா?

இந்தக் கேள்வியைக் கேட்க திருகோணமலைக்காரருக்குத் தனி உரிமை உண்டு. 1891இல் வந்த ‘ஊசோன் பாலந்தை கதை’யை எழுதியவர் இவ்வூர் எஸ். இன்னாசித்தம்பி. கரடி வளர்த்த பிள்ளை ஒருவன், அரசவையில் வளர்ந்த அவனுடைய இரட்டைச் சகோதரன் மற்றவன்: ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லப்பட்ட கதை. ஓர்சன் ஊசோனானான், வலன்டைன் பாலந்தையானான். நாலு வருடம் கழித்து, 1895இல், அதே ஊரைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். வரலாற்று நாவல் என்ற வடிவம் ஆங்கிலத்தில் இருந்து வந்தது. உள்ளே இருந்த சரக்கு நாயக்கர் காலத்துத் தமிழ்நாடு. ஒருவர் கதையை எடுத்துப் பெயரைத் தமிழாக்கினார், மற்றவர் பாத்திரத்தை எடுத்துத் தன் அரிசியைப் போட்டுப் பொங்கினார். இன்றைக்கு இணையத்தில் ஓடும் எந்தப் போலியையும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு இடத்தில் நிறுத்திவிடலாம்.

வெளியே பார்த்தாலும் புதினம் என்ற வடிவம் பிறந்த நாளிலிருந்து போலியும் கூடவே பிறந்திருக்கிறது. செர்வாண்டிஸ் ‘டான் குவிக்ஸோட்’டின் முதற்பாகத்தை 1605இல் வெளியிட்டார். அவர் இரண்டாம் பாகத்தை எழுதி முடிக்குமுன் 1614இல் அவெயனேடா என்ற புனைபெயரில் யாரோ ஒரு போலி இரண்டாம் பாகத்தை இறக்கிவிட்டார். செர்வாண்டிஸ் செய்தது அழகு. 1615இல் வந்த அவருடைய உண்மையான இரண்டாம் பாகத்தில், நாயகனே ஒரு விடுதியில் அந்தப் போலிப் புத்தகத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறான். போலியில் தான் சரகோசாவுக்குப் போனதாக எழுதியிருக்கிறது என்று அறிந்ததும், அங்கே போகாமல் பார்சலோனாவுக்குத் திரும்பிவிடுகிறான். பிரான்சில் 1906இல் மொரிஸ் லெப்லாங்க் தன் கள்வன் லூப்பானோடு மோத ஷெர்லக் ஹோம்ஸையே கதைக்குள் கூட்டிவந்தார். ஹோம்ஸைப் படைத்த கோனன் டொயிலின் தரப்பு ஆட்சேபித்தது. அடுத்த முறை வந்தவர் ‘ஹெர்லக் ஷோம்ஸ்’. ஒரு எழுத்து இடம் மாறியது, வியாபாரம் நடந்தது.

டிக்கன்ஸின் கதைதான் கசப்பானது. அவருடைய கிறிஸ்மஸ் கதை 1843 டிசம்பரில் வெளியானது. அடுத்த மாதமே ஒரு மலிவுப் பத்திரிகை அதைச் சுருக்கி, வசனத்தை அங்கிங்கு மாற்றி அச்சிட்டது. அது களவல்ல, ‘மறுபடைப்பு’ என்று வாதிட்டார்கள். டிக்கன்ஸ் வழக்குப் போட்டு வென்றார். எதிராளிகள் வங்குரோத்து என்று அறிவித்துவிட, ஏறக்குறைய 700 பவுண் செலவு அவர் தலையில் விழுந்தது. கதையை யாராவது எடுத்துவிட்டார்கள் என்று கொதித்து நேரே சட்டத்தரணி வீட்டுக்கு ஓடுகிறவர்கள், படியேறுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம். ஆக்கம் எழுதப்பட்ட அந்தக் கணமே பதிப்புரிமை பிறக்கிறது, பதிவு தேவையில்லை. ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் அது நிற்கும். எண்ணத்துக்குப் பாதுகாப்பு இல்லை, எண்ணத்தைச் சொன்ன விதத்துக்கே பாதுகாப்பு. ‘பணக்கார நாயகன் கடனுக்காக ஏழைப் பெண்ணைக் கட்டுகிறான்’ என்பது யாருடைய சொத்துமல்ல. ஆனால் மொழிபெயர்ப்பும் தழுவலும் மூல ஆசிரியரின் உரிமைக்குள் வரும். கொரிய இணையக்கதையை மொழிமாற்றி இயந்திரத்தில் போட்டுப் பெயரை மாற்றுவது வழிநூல் ஆகாது. இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஒரு நாடகமும் படமும் பற்றிய வழக்கில் ஒரு அளவுகோல் சொன்னது: இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ஆளுக்கு, பின்னது முன்னதன் பிரதி என்ற எண்ணம் ஐயமின்றி வருகிறதா? கதைக்கும் அதுவே போதுமான அளவுகோல்.

சட்டத்தில் தப்பிவிட்ட போலிகள்தான் இங்கே பெரும்பாலானவை. ஆகவே கேள்வி, அவை ஏன் சப்பென்று இருக்கின்றன என்பதுதான்.

ஒரு கதையில் ஒருவரின் நடத்தையும் அந்த நடத்தைக்கான காரணமும் பூட்டும் கொக்கியும்போல மாட்டியிருக்கும். கொப்பியடிக்கும்போது கண்ணுக்குத் தெரிவது நடத்தை. காரணம் கதைக்குள் பல அத்தியாயங்களில் பரவிக் கிடப்பதால் அது கையோடு வராது. ஒவ்வொரு பிரதியிலும் காரணம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர, நடத்தை மட்டும் மிஞ்சுகிறது. 2005இல் வந்த பிரபலமான இரத்தக்காட்டேரிக் காதல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் பெண்ணைப் பின்தொடர்கிறான், காவல் காக்கிறான், தொட அஞ்சுகிறான். காரணம் வெளிப்படை: அவன் மனிதனல்ல, பசித்தால் அவளைக் கொன்றுவிடுவான். அந்தக் கதையின் இரசிகர் எழுத்தாகத் தொடங்கி 2011இல் புத்தகமான ஒன்றில் காட்டேரி போய்க் கோடீசுவரன் வந்தான். பின்தொடர்தல் அப்படியே இருந்தது. பசிக்குப் பதில் அவனுடைய சிறுவயதுக் காயம் காரணமாக வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் காயத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, கோடீசுவரனையும் பின்தொடர்தலையும் வைத்துக்கொண்டார்கள். இப்போது அவன் ஏன் அப்படி நடக்கிறான் என்று கேட்டால் ‘ஆன்டி ஹீரோ’ என்று பதில் வருகிறது. கதையின் வகைப்பெயரே காரணமாகிவிட்டது!

தலைப்பிலும் இதே நோய். ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்ஸனின் நாவல் 2005இல் வந்தபோது அதன் பெயர் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’. ஆங்கிலப் பதிப்பு அதை டிராகன் பச்சை குத்திய ‘பெண்’ என்று மாற்றியது. பிறகு ஆங்கிலத் திகில் நாவல்களில் வரிசையாக ‘பெண்’ தலைப்புகள். அந்தத் தலைப்பில் ஆசிரியர் வைக்காத ஒரு சொல்லை ஆளாளுக்குப் பின்பற்றினார்கள்.

தமிழில் மாத நாவல் காலத்தில் ஒரு அலை அடித்தது: துப்பறியும் ஜோடி. சுஜாதாவின் கணேஷ் - வசந்த் இரண்டு ஆண்கள், ஒருவன் நிதானம், மற்றவன் குறும்பு. ராஜேஷ்குமாருக்கு விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத் - சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன் - வைஜயந்தி. இவற்றை ஒன்றின் நகல் மற்றது என்று சொல்வது அநியாயம். ஒருவன் யோசிப்பதை வாசகனுக்குக் கேட்க வைக்க, பக்கத்தில் கேள்வி கேட்க இன்னொருவர் வேண்டும் என்ற தேவை எல்லோருக்கும் பொது. விகற்பம் அந்த இரண்டாவது ஆளில் இருந்தது: மனைவியா, உதவியாளரா, காதலியா, சமமான கூட்டாளியா என்பதில் கதையின் தொனியே மாறிவிடும். பின்னால் வந்த போலிகள் இரண்டாவது ஆளை ‘வாவ் பாஸ்!’ என்று சொல்ல மட்டும் வைத்துக்கொண்டன.

இனி ஊருக்கு வருவோம். இணையத் தொடர்களில் இப்போது அதிகம் அச்சு மாறாமல் வருவது கட்டாயக் கல்யாணமும் ஒப்பந்தக் கல்யாணமும். இரண்டையும் கிழக்கிலங்கைக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று கொக்கி கொக்கியாகப் பார்க்கலாம்.

கட்டாயக் கல்யாணக் கதையின் இயந்திரம் இது: பெண் தாலி கட்டியவனுடைய மாளிகைக்குள் தனியாக நுழைகிறாள். அங்கே எல்லாரும் அவன் ஆட்கள். மாமியார் முறைக்கிறார், அறைச்சாவி அவனிடம். கிழக்கில் பெரும்பாலும் கல்யாணம் முடிந்து வீடு மாறுகிறவன் மாப்பிள்ளை. வீடு பெண்ணின் சீதனம். அதே வளவுக்குள் அவள் தாய் தகப்பன், அடுத்த வேலிக்குள் அக்காவும் அத்தானும். இந்த ஆன்டி ஹீரோ எங்கே போய்க் கதவைச் சாத்துவான்? சாவி மாமியிடம் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குச் சத்தம் போட்டால் மச்சான்மார் நாலு பேர் வாசலில். கதை அப்படியே நொறுங்குகிறது. நொறுங்கிய இடத்தில்தான் புதுக்கதை முளைக்கும்: பணமும் திமிரும் உள்ள ஒருவன், தனக்கு எதுவுமே சொந்தமில்லாத வீட்டில், முதல் நாள் காலையில் தேத்தண்ணிக்குக் காத்திருக்கிறான். விகற்பம் என்றால் இதுதான். பாட்டி அம்மம்மாவாகவும், அத்தை மாமியாகவும், ‘என்னங்க’ ‘இஞ்சாருங்க’ ஆகவும், வரதட்சணை சீதனமாகவும், காணி அளக்கும் சென்ட் பேர்ச்சஸாகவும் மாறினால் மட்டும் போதாது. ஆனால் அதையும் செய்யாமல் விட்டால் முதல் பக்கத்திலேயே பிடிபடுவீர்கள்.

ஒப்பந்தக் கல்யாணத்தில் கொக்கி சட்டம். ‘ஒரு வருடம் மட்டும் கணவன் மனைவி, பிறகு பேசிப் பிரிவோம்’ என்று கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு இருவரும் சம்மதித்துப் பிரிய வழி தருகிறது; அந்தக் கதை அங்கே நடக்கும். இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குப் பல காலமாக இருக்கும் காரணங்கள் மூன்றுதான்: பிறர்மனை உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுச் செல்லல், தீராத ஆண்மைக் குறைவு. மூன்றிலும் ஒருவர்மேல்தான் குறை விழும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். முதலில் தற்காலிகத் தீர்ப்பு வரும், அது மூன்று மாதம் கழிந்தே முடிவான தீர்ப்பாகும். ‘பேசிப் பிரிவோம்’ என்ற ஒப்பந்தத் தாளை நீட்டினால் வழக்கே கெடும், ஏனென்றால் அது இருவரும் கூடிச் செய்த சூழ்ச்சிக்குச் சாட்சி. ஆக இங்கே அந்த ஜோடி பிரிய வேண்டுமானால் இருவரில் ஒருவர் பொய்ப்பழி ஏற்க வேண்டும். யார் ஏற்பது? ஊர் நடுவே எந்தப் பழியை? மூலக்கதையில் இல்லாத இந்தக் கேள்வி, மூலக்கதையை விடப் பெரிய கதை. (முஸ்லிம்களுக்கும் கண்டியச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கும் விதிகள் வேறு. மூதூர், கிண்ணியாவைக் களமாக வைப்பவர்கள் இதைத் தனியே படிக்க வேண்டும்.)

துப்பறியும் கதையும் அப்படியே. ‘ஏட்டு’ சல்யூட் அடிக்கக்கூடாது, இங்கே சார்ஜன்ட். நிலையத்துக்குப் பொறுப்பானவர் ஓஐசி. ஐயத்துக்கிடமான சாவென்றால் நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ வர வேண்டும். உடலை வெட்டிப் பார்ப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. மாவட்டத்தை ஆள்பவர் கலெக்டர் அல்ல, அரசாங்க அதிபர். தனியார் துப்பறிவாளர் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு கடற்படைத் தளமுள்ள பட்டினத்தில் உலாவினால், அவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். இவையெல்லாம் திருத்தங்கள். உண்மையான புதையல் வேறு. தமிழில் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, அதை வாசிக்கத் தெரியாதவர் ஒப்பம் வைப்பது வடக்கு கிழக்கில் காலங்காலமாகச் சொல்லப்படும் முறைப்பாடு. மொழிபெயர்ப்பில் வழுவிய ஒரே ஒரு சொல்லில் துப்பு ஒளிந்திருக்கும் கதையை இலண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொப்பியடிக்க முடியாது.

சோழர் கதைகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடராகத் தொடங்கியதிலிருந்து குதிரை வீரன், இரகசிய ஓலை, சுரங்கப்பாதை என்று ஒரு பட்டியலே உண்டு. 2022இல் படம் வந்தபின் பட்டியல் மறுபடி தூசி தட்டப்பட்டது. இங்கிருந்து எழுதுகிறவர் தஞ்சைக்கு ஓடத் தேவையில்லை. வெல்கம் விகாரையை ‘இராஜராஜப் பெரும்பள்ளி’ என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கேயே நிற்கின்றன. சோழப் பேரரசனின் பெயரைச் சூடிய பௌத்தப் பள்ளி, அதற்குத் தமிழர் கொடுத்த தானங்கள். ஒரு பசுவையோ விளக்கையோ கொடுத்தவன் யார், ஏன் கொடுத்தான் என்று தொடங்கினால் குதிரையே வேண்டாம்.

சரி, ஒரு கதை உங்களைப் பிடித்து ஆட்டுகிறது, அதைப்போல எழுதியே தீர வேண்டும். நான் சொல்லும் முறை இது. அந்தப் புத்தகத்தை இரண்டாம் முறை வாசியுங்கள், காட்சிக்கு ஒரு அட்டை. மாத நாவல் என்றால் இருபது முப்பது அட்டை வரும், பெரிய நாவல் என்றால் ஐம்பதுக்கு மேல். ஒவ்வொரு அட்டையிலும் நாலே வரி: யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார், வாசகன் புதிதாக அறிந்தது என்ன, இது இப்படித்தான் நடக்க முடியும் என்பதற்குக் காரணம் என்ன. நாலாவது வரி எழுத நேரம் பிடிக்கும். அதுதான் கொக்கி. எழுதி முடித்ததும் புத்தகத்தை அலுமாரியில் வையுங்கள், திரும்ப எடுக்கவேண்டாம். பிறகு நாலாவது வரியை ஒவ்வொன்றாக உங்கள் ஊருக்குப் பொருத்துங்கள். பொருந்தும் காரணம் கிடைத்தால் காட்சியை அதற்கேற்ப மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் அட்டையைக் கிழியுங்கள், எவ்வளவு பிடித்த காட்சியானாலும். மூன்றில் ஒரு பங்கு அட்டையாவது கிழியவில்லை என்றால் நீங்கள் ஊரைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கிழிந்த இடங்களில் ஓட்டை விழும். அதை நிரப்ப நீங்களாக யோசிப்பதுதான் உங்கள் கதை. கடைசியில் இரண்டு அட்டைக் கட்டையும் பக்கத்தில் வைத்து வரிசையைப் பாருங்கள். ஐந்தாறு காட்சி ஒரே வரிசையில் தொடர்ந்து வந்தால் கலைத்துப்போடுங்கள், ஏனென்றால் வாசகர் முதலில் கண்டுபிடிப்பது வரிசையைத்தான்.

எழுதும்போது வழுக்கும் இடம் வசனம் அல்ல, உவமை. வித்தியாசமான ஒரு உவமை மூளையில் ஒட்டிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ‘என்னுடையது’ என்று வெளியே வரும். ரொம்ப அழகாக வந்துவிட்ட வரியைச் சந்தேகிக்க வேண்டும். காலநிலையும் அப்படித்தான் வழுக்கும். ஜூன் மாத அடைமழையில் நனையும் நாயகி கேரளத்திலிருந்து வந்தவள். இங்கே அப்போது கச்சான் காற்று, புழுதி, நிலாவெளியில் சுற்றுலாக்காரர். மழை வேண்டுமென்றால் ஒக்டோபருக்குப் பிறகு வாடையோடு வரும், கதையின் நாட்காட்டியை நகர்த்துங்கள்.

உங்கள் கதையை மற்றவர் எடுத்துவிட்டால்? கோபப்பதிவு போடுமுன் அந்தப் பக்கத்தைத் திகதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். பதிவு போட்டபின் அது காணாமல் போய்விடும். இரண்டு நிரல் அட்டவணை ஒன்று செய்து, இடப்புறம் உங்கள் வரி, வலப்புறம் அவர் வரி, இரண்டுக்கும் அத்தியாய எண்ணும் திகதியும் போட்டுத் தளத்துக்கு அனுப்புங்கள். ‘என் கதை மாதிரியே இருக்கிறது’ என்ற கடிதத்தை எவரும் படிக்க மாட்டார்கள், பத்து வரி அட்டவணையைப் படிப்பார்கள். அட்டவணையில் உங்கள் நல்ல வரிகளை விட உங்கள் பிழைகளைத் தேடிப் போடுங்கள். பரீட்சை மண்டபத்தில் இரண்டு பேர் ஒரே சரியான விடை எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒரே பிழையான விடை எழுதினால்தான் மேற்பார்வையாளர் எழும்பி வருவார். வரைபடம் அச்சிடுகிறவர்கள் இதற்கென்றே இல்லாத தெரு ஒன்றை வரைந்து வைப்பதுண்டு. கதைக்கும் அது செய்யலாம்: உலகத்தில் எங்கும் இல்லாத, கொஞ்சம் அசட்டுத்தனமான கடைப்பெயர் ஒன்றை மூன்றாம் அத்தியாயத்தில் உவர்மலைச் சந்தியில் திறந்து வையுங்கள். அடுத்த மாதம் அந்தக் கடைக்குக் கோயம்புத்தூரில் ஒரு கிளை திறந்திருந்தால், அட்டவணையின் முதல் வரி கிடைத்துவிட்டது.